நடுவுல வெள்ளை

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து வேண்டாம். காத்துலயே கெடந்து வாரவன் நான். பணகுடி. ஆடி மாசம் எங்க ஊர் ரோட்டுல கொஞ்ச நேரம் நின்னியன்னா காது ரெண்டும் அடைச்சுக்கிடும்.

பாபநாசத்துக்கா டிக்கெட் எடுத்திய? நானும் அங்கதான். கோயிலுக்கு இல்ல. பெண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போறேன். காலையில மொத பஸ்ஸுக்கே அவ தம்பியோட கெளம்பிப் போயிட்டா. சண்டை போட்டுட்டுப் போயிட்டான்னு நினைச்சிராதிய. சண்டையெல்லாம் இல்ல. ஆத்துல தண்ணி கூடுதலாப் போகுதுன்னு சொன்னாங்க. படித்துறை வழுக்கும். அவளுக்கு முட்டுவலி வேற. அதுக்குத்தான் போறேன். வேற ஒண்ணுமில்ல.

நாகர்கோவில் ரோட்டுல நீங்க போயிருப்பிய. பணகுடி தாண்டுனதும் மேக்க ஒரு கொடிக்கம்பம் பாத்திருக்கியளா? தேசியக்கொடி. பின்னால கரண்ட் எடுக்குத காத்தாடி டவரா நிக்கும், அதுக்கு முன்னால முப்பதடிக்கு ஒரு கம்பம். பஸ்ஸுல போறவங்க பள்ளிக்கூடம்னு நினைப்பாங்க. இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன்னு நினைப்பாங்க. ரெண்டும் இல்ல. அது என் வீடு. மிலிட்டரி வீடுன்னு சொன்னா கண்டக்டர் நிறுத்துவான்.

நான் மிலிட்டரி இல்ல அண்ணாச்சி. நான் கரண்ட் ஆபீஸுல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். தளவாய்னு பேரு. வயசுல நானும் ஆளெடுப்புக்குப் போனேன். ஓட்டத்துல மொத ஆளா வந்தேன். கடைசியில பாதத்தப் பாத்துட்டு, தட்டப் பாதம், எடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. ஓடுத பாதத்தையா பாக்குறது, ஓடுனதப் பாக்க வேண்டாமா? சரி, அத விடுங்க. மிலிட்டரி என் மகன். சொரிமுத்து. ஒரே பிள்ளை. ரொம்ப நாள் பிள்ளையில்லாம இருந்து, சொரிமுத்தையனாருக்கு நேந்து பெத்த பிள்ளை. அவன் பாதம் நல்ல பாதம். பொறந்ததும் நான் பாத்தது அதத்தான்.

இருக்கானான்னு கேக்கியளா. அதத்தான் சொல்ல வாரேன்.

சின்னதுல அவனுக்குக் குளிருன்னா ஆகவே ஆகாது. எங்க ஊர்ல என்ன பெரிய குளிரு? மார்கழியில கூட ஃபேன் ஓடும். அவன் போர்வையச் சுத்திக்கிட்டு அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பான். காலேஜுக்குப் போற வயசு வரைக்கும் அவங்க அம்மா வெந்நி வச்சுக் குடுத்தா. அவ அப்படித்தான் வளத்தா. நான்தான் மாத்துனேன். விடியறதுக்கு முன்னால எழுப்பி, ஒரு வாளி பச்சத்தண்ணிய ஊத்தி, ரோட்டுல ஓட விடுவேன். நான் டிவிஎஸ்ல பின்னாலயே போவேன். மொதல்ல அழுதான். பொறவு பழகிட்டு. பழக்குனா எதுவும் பழகும்லா.

சமையல் படிக்கணும்னு ஒரு எண்ணம் இருந்தது அவனுக்கு. ஹோட்டல் படிப்பு. கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். அவன் வைக்கிற புளிமொளகா எங்க வீட்டுல யாருக்கும் வராது. அதுக்காக? நான் சிரிச்சேன். நான் சிரிச்சதும் அவனும் சிரிச்சுட்டான். அவனுக்கே அது வெளையாட்டுதான். அந்த வருசமே ஆளெடுப்புல எடுத்துட்டாங்க. ஊரே வந்து மால போட்டுது. நான் அன்னைக்கு மாதிரி என்னைக்கும் இருந்ததில்ல அண்ணாச்சி.

கடைசியா அவன் லீவுல வந்துட்டுத் திரும்பக் கெளம்புத அன்னைக்கு, பெட்டியெல்லாம் கட்டியாச்சு. இவன் சட்டையப் போடாம அடுப்படியில போயி உக்காந்துட்டான். என்னலே, நேரமாகுதுன்னேன். "மேல மலையில போஸ்டிங் போட்டிருக்காங்கப்பா. பனிக்குள்ள. போயிட்டு வந்தவங்கல்லாம் மூச்சு விட முடியாதுன்னு சொல்லுதாங்க. வேற எடம் கேக்கலாமான்னு பாக்கேன்"னான். தகப்பன் என்ன சொல்லணும்? தைரியம் சொல்லணும். நான் சொன்னேன். "கொடியில காவி ஏன்லே மேல இருக்கு? துணிவுக்குத்தான். அந்தக் கொடிக்குக் கீழ நிக்கிறவன் இப்படிப் பேசலாமா"ன்னேன்.  எந்திரிச்சுச் சட்டையப் போட்டுக்கிட்டான். நானே பெட்டியத் தூக்கிட்டுப் போயி வள்ளியூர் ஸ்டேஷன்ல ஏத்தி விட்டேன். ரயில் நகரும்போது கையக் காட்டுனான். சந்தோசமாத்தான் போனான். இவ, அவங்க அம்மா, அழுதுக்கிட்டே நின்னதுல அவன் முகமும் ஒரு மாதிரி ஆயிட்டு, அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்துல பனி சரிஞ்சுட்டுது. அவனோட இருந்தவங்கள்ல சில பேர எடுத்துட்டாங்க. ரெண்டு பேர உயிரோட எடுத்தாங்க, சில பேர உயிரில்லாம. இவன எடுக்கல. தேடுதோம் தேடுதோம்னாங்க. நாய வச்சுத் தேடுனாங்க, மிஷின வச்சுத் தேடுனாங்க. அடுத்த கோடையில பனி உருகும்போது பாப்போம்னாங்க. பாத்தாங்க. இல்ல. போன கார்த்திகையிலதான் இனிமே இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. ஒரு அதிகாரி வந்தார், சின்ன வயசுதான். என் மகன் பெட்டியக் கொண்டு வந்து வச்சுட்டு, நிமிந்து நின்னு எனக்கு சல்யூட் அடிச்சார். எனக்கு. நான் திருப்பி அடிச்சேன். சரியா அடிச்சீங்கன்னு சொன்னார்.

அவர் போன பொறவு என் மச்சினன், வானமாமலைன்னு பேரு, மெதுவாப் பேச்சு எடுத்தான். "மச்சான், ஒடம்பு கெடைக்கலன்னா தர்ப்பையில ஆள் மாதிரிக் கட்டி வச்சு காரியம் செய்வாங்க. அக்கா கேக்கா. செஞ்சிருவோம்"ன்னான். நான் முடியாதுன்னுட்டேன். புல்லக் கட்டி வச்சு என் மகன்னு சொல்லவா? அதுக்குத் தீ வைக்கவா? ஒடம்பு வராம காரியம் எதுக்கு? பனிக்குள்ள எத்தனையோ நடக்கும். அங்க ஒண்ணும் கெட்டுப் போகாதாம் அண்ணாச்சி. போட்டது போட்டபடி இருக்குமாம். அந்த அதிகாரியே சொன்னார்.

அவ எங்கிட்ட ஒரே ஒரு வாட்டிதான் கேட்டா. "அவனுக்கு ஒரு சூடு காட்டணும்ங்க"ன்னா. எனக்குப் புரியல. என்ன சூடுன்னேன். ஒண்ணுமில்லன்னு உள்ள போயிட்டா. அதுக்கு மேல அவ கேக்கல. கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்.

நான் என்ன செஞ்சேன்னா, கம்பம் நட்டேன். லைன்மேன்லா, கம்பம் நடுததுதான் எனக்குத் தெரியும். ஜி.ஐ. பைப்பு வாங்கி, ஆறடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, உச்சியில கயிறு ஓடக் கப்பி வச்சு. எங்கூட வேலை பாத்தவங்கல்லாம் வந்து தூக்கி நிறுத்துனாங்க. திருநெல்வேலிக்கு வந்து கதர்த்துணியில கொடி வாங்குனேன். பாலியஸ்டர் ரொம்ப நாள் வரும்னாங்க, எனக்கு அது வேண்டாம். குடியரசு தினத்தன்னைக்கு ஏத்துனோம். பூவெல்லாம் உள்ள வச்சுக் கட்டி, கயித்த இழுத்ததும் கொட்டுச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. நான்தான் அதுகளுக்கு அர்த்தம் சொன்னேன். ஒங்களுக்கும் சொல்லுதேன், தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் கேளுங்க.

மேல இருக்கது காவி. துணிவு, தியாகம். தன்னுடையதக் குடுக்கதுதான் தியாகம். நடுவுல வெள்ளை. உண்மை, அமைதி. கீழ பச்சை. மண்ணு, வெளைச்சல், நம்பிக்கை. சக்கரம் நீலம். அறம். நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும்னு அர்த்தம். நின்னா சாவுன்னு அர்த்தம். இத்தனையும் நான் மைக் இல்லாமச் சொன்னேன். பிள்ளைக கைதட்டுச்சு.

அன்னைக்கு எல்லாரும் போன பொறவு இவ முத்தத்துல உக்காந்து உதிந்த பூவப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. என்னையப் பாக்காமலே சொல்லுதா: "தன்னுதக் குடுத்தாத்தான் தியாகம்னு சொன்னிய. நீங்க என்னுதல்லா குடுத்திய."  துக்கத்துல இருக்கவ பேசுதத எல்லாம் காதுல வாங்க முடியுமா? கொஞ்சம் கழிச்சு அவளே திரும்பவும், "நடுவுல இருக்க வெள்ளை அமைதியும் இல்ல ஒண்ணும் இல்ல. அது பனி. மேல வெயில் அடிக்கி, கீழ இங்க எல்லாம் பச்சையா இருக்கு. நடுவுலதான் என் பிள்ள கெடக்கான்"னா. பெரிய படிப்பெல்லாம் கெடையாது அவளுக்கு. பிரம்மசக்தின்னு பேருதான் பெருசு. அர்த்தம் தெரியாமப் பேசுதான்னு விட்டுட்டேன். ஆனா என்ன ஒண்ணு, அதுக்குப் பொறவு அண்ணாந்து பாக்கும்போதெல்லாம் எனக்கும் கண்ணு நேரா நடுவுலதான் போகும். மேலயும் போகாது, கீழயும் போகாது. அது நீலச் சக்கரம் அங்க இருக்கதுனால. வேற என்ன.

வீடு கெழக்கப் பாத்த வீடு. காலையில வெயில் ஏறும்போது கொடி நெழலு முத்தம் தாண்டி முன்னறைக்குள்ள வந்து விழும். அந்த அறையிலதான் சொரிமுத்து படுப்பான். இவ என்ன செய்வான்னா, நெழலு விழுத எடத்துல மிதிக்க மாட்டா. தண்ணிக்கொடத்தோட வந்தாலும் சுத்தித்தான் போவா. நெழலு ஆடிக்கிட்டே இருக்கும்லா, இவளும் அதுக்குத் தக்கன நின்னு, ஒதுங்கி, நின்னு, ஒதுங்கிப் போவா. பாக்குறவங்களுக்கு என்னமோ மாதிரி இருக்கும். ஒரு நாள் காப்பி கொண்டு வந்து அந்த நெழலுக்கு நடுவுல வச்சுட்டுப் போறா. ஆவி பறக்குது. யாருக்குன்னு நான் கேக்கல. ஆறிட்டுன்னா கொட்டிட்டு வேற கொண்டு வந்து வைக்கா.

நானும் அத மிதிக்க மாட்டேன். அது வேற. அது மரியாதை. கொடியோட நெழலும் கொடிதான.

பொறவு சத்தம். கொடின்னா சத்தம் போடும் அண்ணாச்சி, அது எல்லாருக்கும் தெரியும். துணி காத்துல அடிக்கும்லா. வைகாசி வரைக்கும் அடிச்சும் அடிக்காமலும் இருந்தது. ஆனி பொறந்து காத்து எறங்குனதும் விடாம அடிக்க ஆரம்பிச்சுட்டு. படபடன்னு. ஒரு நிமிசம் நிக்கும், திரும்ப ஆரம்பிக்கும். இவ அடுப்படியில எது செஞ்சுக்கிட்டு இருந்தாலும், அது நின்னதும் இவ கையும் நின்னுரும். சத்தம் திரும்ப வந்தாத்தான் கை ஓடும். ஒறக்கமே கெடையாது. ஒரு நாள் சாயங்காலம் வந்து, "பொழுதடைஞ்சா எறக்கி வச்சிருவோம்ங்க. பிள்ள காத்துலயே நிக்கான். பல்லு கடகடன்னு அடிக்கது ஒங்களுக்குக் கேக்கலியா"ன்னா. ராத்திரியும் பறக்க விட சட்டத்துல எடம் இருக்குன்னு சொன்னேன். லைட்டு வேற போட்டிருக்கேம்லா, எதுக்கு எறக்கணும்னேன். "லைட்டுல சூடு வருமா"ன்னு கேட்டா.

பல்லு அடிக்குத சத்தம்னு அவ சொல்லாம இருந்திருக்கலாம். அதுவரைக்கும் எனக்கு அது வெறும் துணிச் சத்தம்தான்.

ஆடி பொறந்ததும் கொடி கிழிய ஆரம்பிச்சுட்டு. ஓரத்துல நூலு பிரிஞ்சுது மொதல்ல. பொறவு பச்சை கிழிஞ்சு நாடா மாதிரித் தொங்குச்சு. பொறவு மேல காவி. வெள்ளை மட்டும் கொஞ்ச நாள் நின்னுது. மாத்திருங்க தளவாய்னு எங்கூட வேலை பாத்த ராசாமணி வந்து சொன்னான். கிழிஞ்ச கொடியப் பறக்க விடப்படாதுன்னு எனக்கும் தெரியும். மாத்தலாம். கடையில இன்னொண்ணு கெடைக்கும். நாளைக்கு மாத்துவோம், காத்து அடங்கட்டும்னு இருந்தேன். எறக்கிருவோம்னு ரெண்டு மூணு வாட்டி கயித்தக் கையில எடுத்தேன். எறக்குனா மேல ஒண்ணும் இருக்காதே. புதுசு ஏத்தலாம், ஆனா புதுசுல யாரு இருக்கா? இது அவன் பேருக்கு மொத மொத ஏத்துனது. பூவோட ஏத்துனது. நான் அவள மாதிரி நெழலுக்குக் காப்பி வைக்கிற ஆளு கெடையாது. ஆனாலும் எறக்க மனசு வரல. கயித்தத் திரும்பக் கட்டி வச்சுட்டேன்.

போன வாரம் கண்ணு பாக்க வள்ளியூர் போனேன். கண்ணுல மருந்து ஊத்திட்டாங்க, எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. பஸ்ஸ விட்டு எறங்கி ரோட்ட ஒட்டி நடந்து வாரேன். தூரத்துலயே கம்பம் தெரியும். தெரிஞ்சுது. கொடி தெரியல. மருந்து ஊத்துனதுனால தெரியலன்னு நினைச்சேன். கிட்ட வர வர, டங்கு டங்குன்னு ஒரு சத்தம். வெறுங்கயிறு பைப்புல அடிக்குது. அந்தச் சத்தத்த நான் அதுக்கு முன்னால கேட்டதில்ல. கொடி இருக்கப்போ கயிறு அடிக்காது.

வீட்டச் சுத்திப் பின்னால போனேன். கெணத்துக்கிட்ட இவ நிக்கா. தலையில தண்ணி ஊத்தி, முடி அவுந்து கெடக்கு. ஒரு கோடிச்சேலை கட்டியிருக்கா. கீழ ஒடைஞ்ச மண்கொடம். அதுக்கு அந்தப் பக்கம் தென்னமட்டையப் பரப்பி, மேல எருவ அடுக்கி, நெருப்பு எரிஞ்சு முடிஞ்சு கங்கா இருக்கு. வானமாமலை மேல் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டுத் தலையக் குனிஞ்சு நின்னான். கொடத்த யாருலே ஒடச்சதுன்னு கேட்டேன். கொள்ளிக்கொடம் ஆம்பிளைதான ஒடைக்கணும். "அக்காதான் ஒடச்சா. நான் ஒடைக்கேன்னு கேட்டேன், குடுக்கல. பெத்தவ நான் இருக்கும்போது நீ எதுக்குன்னுட்டா"ன்னான்.

கொடியான்னு கேட்டேன். தலைய ஆட்டுனா. "நீங்க பொறப்பட்டுப் போனதும் எறக்குனேன். மடிச்சு, மடியில கொஞ்ச நேரம் வச்சிருந்தேன். பொறவு எண்ணெ வச்சு, குளிப்பாட்டி, சந்தனம் வச்சு, சூடு காட்டுனேன். இனிமே குளிராது"ன்னா. அழவே இல்ல. வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டுப் போனதச் சொல்லுத மாதிரிச் சொன்னா.

நான் கைய ஓங்கல. அப்படிப்பட்ட ஆளு நான் இல்ல. முன்னறைக்கு வந்து போலீஸுக்குப் போன் போட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கிய? தேசியக்கொடிய எரிச்சா கேஸு அண்ணாச்சி. யாரு எரிச்சாலும் கேஸுதான். பெண்டாட்டின்னு பாத்தா, பொறவு நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? என் மகன் போனதுக்குத்தான் என்ன அர்த்தம்?

எஸ்.ஐ. அம்மா வந்தாங்க. மெர்சி ஜெபக்கனின்னு பேரு. கூட ஒரு ஏட்டையா. பின்னால போயிப் பாத்தாங்க. ஷூவக் கழட்டிட்டு நெருப்புக்கிட்டப் போயி நின்னாங்க, அது எதுக்குன்னு தெரியல. இவகிட்ட என்னமோ மெதுவாக் கேட்டாங்க, இவளும் மெதுவாச் சொன்னா. எனக்குக் கேக்கல, கயிறு அடிக்குத சத்தத்துல. பொறவு எங்கிட்ட வந்தாங்க.

"ஐயா, கொடி கிழிஞ்சிருந்ததா?"

ஆமான்னேன்.

"எவ்வளவு நாளா கிழிஞ்சு பறக்குது?"

ஆடி பொறந்ததுலேருந்துன்னேன்.

"கிழிஞ்ச கொடிய யாரும் பாக்காத எடத்துல வச்சு, மரியாதையா, முழுசா எரிச்சிரணும். சட்டமே அதுதான் சொல்லுது. அம்மா செஞ்சது சரி. கிழிஞ்சதப் பறக்க விட்டதுதான் தப்பு. கேஸ் எழுதணும்னா நான் ஒங்க பேரத்தான் எழுதணும். எழுதவா?"

  அவங்க எழுதல. போகும்போது, "பையன் போட்டோ இருக்கா, பாக்கலாமா"ன்னு கேட்டாங்க. காட்டுனேன். சமையல்கட்டுல தோசைக்கரண்டியோட நின்னு சிரிக்குத படம். யூனிபார்ம்ல இருக்கது மேல மாட்டியிருக்கு, அத எடுக்கணும்னுதான் போனேன். கைக்கு இதுதான் வந்தது. ரொம்ப நேரம் பாத்துட்டுக் குடுத்தாங்க.

அதுக்குப் பொறவு இவ போயிப் படுத்தா அண்ணாச்சி. முன்னறையிலதான், அவன் படுக்குத எடத்துல. அன்னைக்குப் பகலெல்லாம் ஒறங்குனா. மறுநாளும் வெயில் ஏறுத வரைக்கும் ஒறங்குனா. வாயத் தொறந்து, கொறட்ட விட்டு. எத்தன மாசத்துக்குப் பொறவு. வானமாமலை வாசல்ல உக்காந்து அவ மூச்சு விடுதத எண்ணிக்கிட்டு இருந்த மாதிரி இருந்தான். எனக்குத்தான் ஒறக்கம் வரல.

கயிறு. அந்தக் கயித்த இழுத்துக் கட்டுனா சத்தம் நின்னுரும். நான் லைன்மேன், ஒரு முடிச்சுல காரியம் முடிஞ்சுரும். கட்டப் போனேன். கையில பிடிச்சதும் இழுக்குது அண்ணாச்சி. மேல ஒண்ணுமே இல்ல, வெறுங்கயிறு. காத்துதான் இழுக்குது, எனக்குத் தெரியும். முப்பது வருசம் கம்பத்துல ஏறுனவன், காத்து எப்படி இழுக்கும்னு எனக்குத் தெரியாதா. ஆனா அது காத்து இழுக்குத மாதிரி இல்ல. சின்னப் பிள்ளை வேட்டிய இழுக்கும்லா, இங்க பாருங்கன்னு, அது மாதிரி. இழுக்கும், விடும். இழுக்கும், விடும். நான் கட்டாம விட்டுட்டு வந்துட்டேன். இப்பவும் அங்க அடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கும்.

காலையில நெழலு வருது. கம்பத்தோட நெழலு மட்டும், கோடு போட்ட மாதிரி. இவ அதத் தாண்டி சாதாரணமாப் போறா, வாறா. மிதிச்சுட்டுப் போறா. எனக்குத்தான் கால் வைக்க முடியல. நான் பொறவாசல் வழியாச் சுத்திப் போறேன்.

நேத்து அவ ஒரு புதுக்கலயத்துல சாம்பல எடுத்து, வாயி கட்டி, பூ வச்சா. இன்னைக்குக் காலையில பொறப்படும்போது எங்கிட்ட வந்து, "வாரியளா"ன்னு கேட்டா. ஒரு வார்த்தைதான். வரலன்னுட்டேன். துணிச் சாம்பலுக்கு நான் ஆத்துக்குப் போகவான்னு சொன்னேன்.  கலயத்த இடுப்புல வச்சுக்கிட்டு, பிள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரிப் போனா. பஸ்ஸு வந்து ஏறுத வரைக்கும் திரும்பிப் பாக்கல.

பொறவு நான் மட்டும் இருந்தேன். டங்கு டங்குன்னு. காப்பி போட்டேன். போட்டு, முன்னறையில கொண்டு போயி வச்சுட்டு, நான் ஏன் இத இங்க வைக்கேன்னு எனக்கே தெரியல. கதவப் பூட்டிட்டுப் பஸ்ஸேறிட்டேன். சொன்னேன்லா, படித்துறை வழுக்கும், அதுக்குத்தான் போறேன்.

அம்பாசமுத்திரம் தாண்டிட்டோமா? இருங்க, போன் அடிக்குது. மச்சினன்தான்.

ஆமாலே, சொல்லு... பஸ்ஸுலதான் இருக்கேன்... ஆமா, பாபநாசம் பஸ்ஸுதான்... சும்மாதான் வாரேன். எறங்கிட்டியளா தண்ணிக்குள்ள?... இன்னும் இல்லயா... அவகிட்டக் குடு.

பிரம்மு... ம்... சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா... தண்ணி இழுப்பா இருக்கா... ஓரமா நில்லு... ஐயரு என்ன சொல்லுதாரு?... தகப்பன் இருக்கானான்னு கேட்டாரா... நீ என்ன சொன்ன?... ம்...

நில்லு. எறங்காண்டாம். நான் வந்துருதேன்... ஆமா. நான் வாங்கிக்கிடுதேன் கையில... அழாத. அன்னைக்கெல்லாம் அழாம இருந்துட்டு இப்ப என்ன... சரி. சரி. நில்லு.

வச்சுட்டா.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தகப்பன் வந்துக்கிட்டு இருக்காருன்னு சொல்லியிருக்கா. ஐயரும் காத்திருக்கேன்னு உக்காந்துட்டாராம். நான் வருவேன்னு அவளுக்கு யாரு சொன்னாவளோ தெரியல. ரொம்ப நேரமா அங்கதான் நிக்காங்களாம், கலயத்தக் கீழ வைக்காமலே.

கோயில் வாசல்லயே நிறுத்துவானா? இல்ல, பஸ் ஸ்டாண்டுலேருந்து நடக்கணுமா? நடந்தாலும் பரவாயில்ல, நான் வெரசா நடப்பேன்.

நீங்க பெரியவுக, இதெல்லாம் பாத்திருப்பிய. பிள்ளைய ஆத்துல விடும்போது தகப்பன் என்ன சொல்லணும் அண்ணாச்சி? பேரச் சொல்லிக் கூப்பிடணுமா, வெறுமனே விட்டுரலாமா?